விளக்கு மேல் பழி

சொகுசு காருக்குள் ஓடும் அலங்கார ஒளி அணைந்துபோனால், கோளாறு பெரும்பாலும் விளக்கில் இருப்பதில்லை. பில் மட்டும் விளக்கின் பெயரில் வருகிறது.

2024 ஜூன் 28ஆம் தேதி டெல்லி கண்விழித்தபோது சாலைகள் ஆறாகியிருந்தன. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை 228.1 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு கொட்டியது 1936க்குப் பிறகு அப்போதுதான். தெற்கு டெல்லியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த நண்பரின் ஜெர்மன் கார் மூழ்கவில்லை. தெரு கொஞ்சம் மேடு. எஞ்சின் உடனே கிளம்பியது, ஏசி குளிர்ந்தது, பாட்டு பாடியது. அன்று இரவுதான் கவனித்தார். முன்பக்க இடது கதவில் பென்சில் கோடு போல ஓடும் நீல ஒளி இல்லை. மற்ற மூன்று கதவுகளிலும் இருந்தது.

இரண்டு நாள் வெயில் அடித்ததும் அது தானாகவே திரும்பி வந்தது. அடுத்த மழைக்கு மறுபடி போனது. இந்த முறை போகும்போது இடது பின்கதவையும் கூட்டிக்கொண்டு போனது. டாஷ்போர்டில் இருந்த ஒளி நடுங்க ஆரம்பித்தது. நண்பர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். இரண்டு நாள் காரை வைத்திருந்துவிட்டு ஸ்கேனர் கக்கிய காகிதத்தைக் காட்டினார்கள். 'முன் இடது கதவு ஒளித்தொகுதி: தொடர்பு இல்லை.' கீழே எஸ்டிமேட். கதவின் விளக்குத் தொகுதிகள், அவற்றை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கோடிங் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1,38,000 ரூபாய்.

நண்பர் பணக்காரர் அல்ல. ஏழு வருடப் பழைய காரை, முதல் சொந்தக்காரர் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இரண்டாம் கையாக வாங்கியவர். டெல்லியில் இது சகஜம். பத்தாண்டு தாண்டிய டீசல் கார்களும் பதினைந்தாண்டு தாண்டிய பெட்ரோல் கார்களும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. 2025ல் உச்ச நீதிமன்றமே அதன் கடுமையைக் கொஞ்சம் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில், கெடு நெருங்கிய சொகுசு கார்கள் ஆட்சேபணையில்லாச் சான்றிதழோடு வேறு மாநிலங்களுக்குக் கைமாறின. வாங்கியவர்களில் சம்பளக்காரர்களும் சிறு வியாபாரிகளும் உண்டு. கார் வந்தது மாருதி விலையில். ரிப்பேர் வருவது மட்டும் ஜெர்மன் விலையில்.

இந்த விளக்குகள் அவ்வளவு பெரிய சமாச்சாரமா? ஒரு காலத்தில் இல்லை. 1995ல் புணேயில் மெர்சிடிஸ் தன் ஈ-கிளாஸ் கார்களை ஒருங்கிணைத்து விற்கத் தொடங்கியபோது, உள்ளே இருந்தவை கூரையிலும் கதவடியிலும் சில சாதாரண இழை பல்புகள். போனால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து வேறொன்றை மாட்டலாம். 2013ல் வந்த எஸ்-கிளாஸில் இழை பல்பே கிடையாது. வெளியிலும் உள்ளிலுமாக ஏறத்தாழ 500 எல்.ஈ.டி.க்கள், அதில் சுமார் 300 காருக்குள். அன்று ஏழு நிறங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2016ல் வந்த ஈ-கிளாஸில் அது 64 ஆனது. 2020ன் எஸ்-கிளாஸில் ஒளி அலங்காரத்தோடு எச்சரிக்கை வேலையும் பார்க்க ஆரம்பித்தது: கதவைத் திறக்கும்போது பின்னால் வண்டி வந்தால் கதவு விளிம்பு சிவக்கும். மற்ற கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. விலை குறைந்த கார்களுக்குக்கூட இப்போது இந்த மினுக்கல் இறங்கி வந்துவிட்டது.

பல்பு போய் எல்.ஈ.டி. வந்ததைவிடப் பெரிய மாற்றம் வயரில் நடந்தது. கதவில் ஓடும் ஒளிக்கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தண்டு. அதன் முனையிலோ முதுகிலோ சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடங்கிய எல்.ஈ.டி., பக்கத்திலேயே கட்டைவிரல் நகமளவு சில்லு. இப்படிப் பல தொகுதிகள் ஒரே ஒரு வயரில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். லின் என்று அதற்குப் பெயர். 1990களின் கடைசியில் ஐரோப்பிய கார் கம்பெனிகள் சில கூடி உருவாக்கிய மலிவான தகவல் வழி. வேகம் அதிகபட்சம் வினாடிக்கு 20 கிலோபிட். விளக்குக்கு அது தாராளம்.

வகுப்பில் வாத்தியார் ஆஜர் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு தொகுதியையும் எண் சொல்லிக் கூப்பிடும். அதுவும் 'உள்ளேன் ஐயா' என்று பதில் தரும். பதில் வரவில்லை என்றால் வாத்தியார் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுவார். ஸ்கேனர் வாசித்துக் காட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான். பையன் வரவில்லை என்பது மட்டும்தான் அதில் இருக்கும். காய்ச்சலா, பஸ் வரவில்லையா, வழியில் பாலம் உடைந்ததா என்பது இருக்காது. நண்பருக்குக் கொடுக்கப்பட்ட எஸ்டிமேட், வராத பையனுக்குப் பதில் வேறு பையனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

எனவே விவரம் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் விளக்கை முதலில் தொடுவதில்லை. செட்டிங்கைப் பார்க்கிறார்கள். சிரிப்பு வரலாம். பிரகாசத்தை யாரோ பூஜ்யத்துக்கு இறக்கி வைத்திருப்பதும், பல கார்களில் இந்த அமைப்பு சாவிக்குச் சாவி மாறுவதால் மனைவியின் சாவியில் எரிந்து கணவர் சாவியில் எரியாததும் வாரம் ஒன்றாவது வருகிற கேஸ். வெளிச்சத்தை உணரும் கண் பகலென்று நினைத்துக்கொண்டால் ஒளியைத் தணித்துவிடும். கண்ணாடி மாற்றிய பிறகு அந்தக் கண் சரியாக ஒட்டப்படவில்லை என்றால் நாள் முழுவதும் குழப்பம்தான்.

அடுத்தது பாட்டரி. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மின்சாரம் குறைந்தால் இந்தக் கார்கள் குடும்பத் தலைவர் போல முதலில் ஆடம்பரச் செலவை வெட்டும். ஒளி அலங்காரம், சீட் சூடேற்றி போன்றவை அணையும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் கை வைக்காது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒளி திரும்பி வரும். சொந்தக்காரர் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று முடிவு கட்டிவிடுவார். ஓட்டாமல் சில மணி நேரம் நின்ற காரில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் விளக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நாளை காலை கார் கிளம்புமா என்று யோசியுங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பிறகு ஃப்யூஸ். இந்தக் கார்களில் ஃப்யூஸ் பெட்டி ஒன்றல்ல. எஞ்சின் அருகில், டாஷ்போர்டின் பக்கவாட்டில், டிக்கியில் என்று பரவிக் கிடக்கும். போனதை மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். 5 ஆம்பியர் இருந்த இடத்தில் 15 போட்டு 'சரிசெய்யும்' கைங்கரியம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. அதன் பிறகு உருகப்போவது வயர்.

இவை மூன்றும் தேறினால்தான் உண்மையான துப்பறியும் வேலை. எது எரியவில்லை, எப்போது எரியவில்லை என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. ஒளி இருக்கிறது, நிறம்தான் தப்பு என்றால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வெள்ளை என்பது மூன்று நிறங்களின் கூட்டு. ஓரிடத்தில் மட்டும் அது மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே நீலம் செத்துவிட்டது. பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை. ரோஜாவும் கத்தரிப்பூவும் கலந்தது போல இருந்தால் பச்சை போய்விட்டது. இது மட்டும்தான் விளக்கே குற்றவாளியாக இருக்கும் சுத்தமான கேஸ். தொகுதியை மாற்றியே ஆகவேண்டும். ஒரு முனை பளிச்சென்றும் மறுமுனை மங்கலாகவும் இருந்தால், கதவை அறைந்து அறைந்து பிளாஸ்டிக் தண்டு எல்.ஈ.டி.யை விட்டு நழுவியிருக்கலாம். மறுபடி பொருத்தினால் போதும். பைசா செலவில்லை.

கதவைத் திறக்கும்போது அணைந்து மூடும்போது எரிந்தால், கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அதற்குள் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி ஆனால் மேலுறை அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மெல்ல இழுத்தால் அறுந்த வயர் மட்டும் ரப்பர் போல நீளும். கதவுக் கண்ணாடி மோட்டாரை மாற்றிய மறுநாளிலிருந்து எரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். டோர் பேடைத் திரும்ப மாட்டியவர் ஒரு கப்ளரை மாட்ட மறந்திருக்கிறார்.

எல்லாமே ஒன்றாக நடுங்கினாலோ, ஒன்றாக இருண்டாலோ அது லின் வயரின் விவகாரம். வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் கத்தினால் யார் குரலும் கேட்காது அல்லவா? ஒரு தொகுதி உள்ளுக்குள் ஷார்ட்டானால் மொத்த வயரையும் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நல்ல நிலையில் அந்த வயர் பாட்டரி வோல்ட்டுக்கு அருகில் காட்டும், பேச்சு நடக்கும்போது சற்றே இறங்கும். பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றியதும் மற்றவை உயிர் பெறுகின்றனவோ அதுதான் கத்தின பையன். பத்துத் தொகுதிகள் உள்ள காரில் ஒன்றுக்கு மட்டும் செலவு செய்து தப்பிக்கலாம். ஆனால் புதிதாக மாட்டியது உடனே எரியவில்லை என்று திகைக்கக் கூடாது. பல கார்களில் அதற்கு இன்னும் எண் தரப்படவில்லை. ஸ்கேனர் மூலம் வரிசை எண்ணைக் கற்றுக்கொடுத்தால்தான் அது ஆஜர் சொல்லும்.

இங்கேதான் வெளி ஒர்க்‌ஷாப்காரர்கள் முட்டி நிற்கிறார்கள். உதிரிப் பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளியார் வாங்க முடியாதபடி அடைத்து வைத்திருப்பதாக 2011ல் போன ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் திறந்துவிடவும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று தனித் தளமே தொடங்கியது. கார்களும் அதன் வரம்பில் வருகின்றன. ஆயினும் கம்பெனியின் சர்வரோடு பேசினால் மட்டுமே கோடிங் ஏறும் பாகங்கள் இன்னும் உண்டு. கஷ்மீரி கேட் சந்தையில் பழைய தொகுதி மலிவாகக் கிடைக்கலாம். அதை உங்கள் கார் ஏற்றுக்கொள்ளுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

டோர் பேடை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கும் ஆர்வக்கோளாறுகளுக்கு ஒரு வார்த்தை. கதவிலும் முன்கண்ணாடித் தூணிலும் சீட் ஓரத்திலும் ஏர்பேக்குகள் உறங்குகின்றன. பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கார் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திராமல் அங்கே கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்த கப்ளர்களில் டெஸ்ட் லைட்டைச் சொருகிப் பார்ப்பது வேறு வினையாக முடியும்.

இனி கரோல் பாகுக்கு வருவோம். கார் அலங்காரச் சாமான்களுக்குப் பேர்போன அந்தக் கடைத்தெருவில், ஒளியே இல்லாத காருக்கும் ஒரே பிற்பகலில் 64 நிறம் ஏற்றித் தருகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் தப்பில்லை. சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஃப்யூஸிலிருந்து தனி ஃப்யூஸ் வைத்து மின்சாரம் எடுத்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆனால் அவசரத்தில் நடப்பது வேறு. கைக்கு எட்டிய வயரில் கிளிப்பைக் கடித்துவிட்டு, டேப் சுற்றி, பேனலை அமுக்கிவிடுகிறார்கள். எட்டிய வயர் எப்போதும் உயிரோடு இருக்கும் வயராக அமைந்தால் கணக்கு இப்படி: பூட்டிய நல்ல கார் அரை மணி நேரம் போலக் கழித்து ஆழ்ந்து தூங்கும்போது 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் குடிக்கும். அலங்காரப் பெட்டி தூங்காமல் 1 ஆம்பியர் இழுத்தால், 70 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்று நாள்கூடத் தாங்காது. ஊருக்குப் போய்த் திரும்பியவர் டாக்சி பிடித்து வீடு சேர்வார். பாட்டரி மட்டமான சரக்கு என்று திட்டுவார்.

நண்பர் எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது, இரண்டு கார் நிற்க இடமுள்ள ஓர் எலெக்ட்ரீஷியன் கடைக்கு. நானும் கூடப் போயிருந்தேன். அந்த உஸ்தாத் ஸ்கேனர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். எரியாமல் போன நாட்களைக் கேட்டார். மழை நாட்கள் என்றதும் மண்டியிட்டு, இடது முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டார். கை ஈரமாக வந்தது. மேலே தொட்டால் காய்ந்த கார்ப்பெட். அடியில் இரண்டு விரல் கனமுள்ள பஞ்சு, ஊறிய இட்லி போல.

பிறகு சன்ரூஃபைத் திறந்து, இடது முன் மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். சன்ரூஃப் என்பது முழுக்கத் தண்ணீர் புகாத மூடி இல்லை. ஓரங்களில் கசிவதைப் பிடிக்க ஒரு சாக்கடை உண்டு. மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி வெளியே விடும். ஊற்றிய தண்ணீர் முன்சக்கரத்தின் பக்கம் சொட்ட வேண்டும். சொட்டவில்லை; அப்படியே தேங்கி நின்றது. வேப்பம்பூவும் காய்ந்த இலையும் டெல்லிப் புழுதியும் சேர்ந்து குழாயில் மெழுகு போல அடைத்திருந்தன. வழி கிடைக்காத தண்ணீர் கூரைத் துணியின் விளிம்பு வழியே தூணுக்குள் இறங்கி, கால்மாட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே ஓரப் பலகைக்குப் பின்னால்தான் இடது பக்க விளக்குகளின் வயர்கள் ஒன்று சேரும் கப்ளர். திறந்தால் ஊசிகளில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு. வெயிலில் காய்ந்தால் தொடர்பு, மழையில் நனைந்தால் துண்டிப்பு. விளக்குத் தொகுதிகள் எல்லாமே உயிரோடுதான் இருந்தன.

காற்றழுத்தக் குழாயை வைத்து ஊதிவிடலாமே என்றார் நண்பர். உஸ்தாத் தலையாட்டினார். அழுத்தம் அதிகமானால் தூணுக்குள் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும், பிறகு கூரையையே இறக்க வேண்டியிருக்கும் என்றார். நைலான் நரம்பை மெல்ல மெல்ல விட்டு அடைப்பை எடுத்தார். கப்ளரின் ஊசிகளை வெட்டிப் புதிதாகப் போட்டார். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி நிறுத்தி, மூன்று நாள் மேஜை மின்விசிறி வைத்துக் காய வைத்தார். பாதி கூலி அதற்குத்தான். அந்தப் பஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி, சீட்டுக்கு அடியில் வேறொரு பெட்டி இருந்தது. அது சீட்டையும் ஏர்பேக்கையும் கவனிப்பது. ஈரம் அதன் அடிப்பாகம் வரை வந்திருந்தது. லட்ச ரூபாய்க்குப் புது விளக்கு மாட்டியிருந்தால் பத்து நாள் எரிந்திருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கும்.

பில் 7,200 ரூபாய். இருட்டிய பிறகு கதவை மூடிப் பார்த்தோம். நாலு கதவிலும் நீலம் ஒரே சீராக ஓடியது. உஸ்தாத் வெள்ளைக்கு மாற்றி ஒருமுறை, சிவப்புக்கு மாற்றி ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். வரிசையில் அடுத்து நின்றது கரோல் பாகில் அலங்காரம் செய்துகொண்ட ஒரு வெள்ளைக் கார். அதன் உள்ளே விளக்குகள் பிரமாதமாக எரிந்தன. பூட்டி ஒரு மணி நேரம் ஆன பிறகும் எரிந்துகொண்டிருந்தன.